அப்பா கட்டிய ஃபீஸ்

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிக்கு ஒரு ஜுரம் வரும். பால் வாங்கப் போனால் பால் பூத்காரர் கேட்பார். கோவிலுக்குப் போனால் விபூதி கொடுக்கும் கையை நிறுத்தி வைத்துக்கொண்டு குருக்கள் கேட்பார். லிஃப்டில் ஏறினால் மூன்றாவது மாடி ஆன்ட்டி கேட்பார்: "என்னம்மா, என்ன எடுக்கப் போற?" கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் "வெரி குட்". ஏ.ஐ. என்றால் "சூப்பர்". எலெக்ட்ரானிக்ஸ் என்றால் "பரவாயில்ல, அப்புறம் ஐ.டி.க்கு மாறிக்கலாம்" என்று தேற்றுவார்கள். வேறு எதைச் சொன்னாலும் குரலைத் தாழ்த்தி, "ஏன், மார்க் வரலையா?" என்பார்கள், வீட்டில் யாரோ ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னதுபோல.

எனக்கு மார்க் வந்திருந்தது. அதுதான் எல்லாருக்கும் பேஜாராகப் போய்விட்டது. மார்க் இல்லாதவள் என்றால் கண்டதையும் படிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள்.

நான் படிக்க ஆசைப்பட்டது லெதர் டெக்னாலஜி. தோலைப் பதப்படுத்துவது, சாயம் ஏற்றுவது, அதைப் பொருளாக்குவது, அதற்குப் பின்னால் இருக்கும் வேதியியல், எல்லாம் சேர்ந்த பொறியியல் படிப்பு. ரயிலில் போய்வரும் தூரத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் அந்தப் பாடம் இருந்தது. என் மார்க்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு சீட் கிடைக்கும்.

ஏன் அது என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் பையனிடம் யாராவது ஏன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அவனுக்கே தெரியாது. எனக்காவது ஒரு காரணம் இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், உடைந்த மின்விசிறிக்கும் பழைய சைக்கிள் சக்கரத்துக்கும் நடுவே, ஒருவர் தோல் வெட்டுத்துண்டுகளைக் குவித்து வைத்து எடைபோட்டு விற்பார். பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். ஒரு துண்டு வெண்ணெய் மாதிரி வளைந்தது, இன்னொன்று பலகை மாதிரி நின்றது. இரண்டும் ஒரே மாட்டுத் தோல்தான் என்று விற்றவர் சத்தியம் செய்தார். அது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்தது. அவ்வளவுதான். அந்தத் துண்டுகளில் நான் தைத்த பென்சில் பையை ரெக்சின் என்று நினைத்து அம்மா இரண்டு வருடம் தன் ஸ்கூலுக்கு எடுத்துப் போனாள். அம்மா டீச்சர். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. குரலை உயர்த்திப் பேச மாட்டார். காலனியில் அவருக்கு முற்போக்குவாதி என்று பெயர். அந்தப் பெயரை அவர் ஆசையாக வளர்த்து வைத்திருந்தார். அந்த வருடம் எங்கள் அசோசியேஷன் நடத்திய மகளிர் தின விழாவில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மகளிர் தினத்துக்கு ஆண்களைப் பேசக் கூப்பிடுவதுதான் எங்கள் காலனி வழக்கம். பெண்கள் கோலம் போட்டு, சுண்டல் செய்து, நாற்காலி போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து கேட்பார்கள். அப்பா மைக்கைப் பிடித்து, "என் பொண்ணு எது படிக்க ஆசைப்பட்டாலும் சரி, கடைசி செமஸ்டர் வரைக்கும் நான் ஃபீஸ் கட்டுவேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்றார். கைதட்டல். யாரோ வீடியோ எடுத்துக் காலனி வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். அப்பா அதை ஒரு வாரம் ஸ்டேட்டஸாக வைத்திருந்தார்.

'எது படிக்க ஆசைப்பட்டாலும்' என்று அவர் சொன்னபோது அவர் மனதில் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னொன்று கம்ப்யூட்டர் சயின்ஸில் ஏ.ஐ. இரண்டில் எதை வேண்டுமானாலும் நான் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ராத்திரி சாப்பாட்டில் நான் லெதர் என்று சொன்னதும் அப்பா சப்பாத்தியை மென்றுகொண்டே, "லெதர்னா?" என்றார்.

"தோல்பா."

"என்ன தோல்?"

"மாடு, ஆடு, எருமை."

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "நம்ம வீட்ல கேக் வாங்கினா கூட முட்டை இருக்கான்னு பாத்து வாங்கறோம். நீ மாட்டுத் தோலைக் கையில எடுப்பேங்கற."

நான் அவளுடைய கைப்பையைப் பார்த்தேன். அப்பா உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்தேன். அந்தச் சோபாவை வாங்கியபோது அசல் தோல் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர்கள் இவர்கள்தான். சொன்னேன். "அது ரெடிமேடா வந்தது, அது வேற" என்றாள் அம்மா. அறிவியல் டீச்சர்.

மறுநாள் பெரியப்பா வந்து இறங்கினார். அப்பாவின் அண்ணன். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்க்கும். அவருடைய பையன் காட்டாங்குளத்தூர் பக்கம் பெரிய செலவில் படித்து முடித்து, வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அட்வைஸ் மட்டும் பெரியப்பாவிடம் தீராது.

"அது நம்ம வேலை இல்லம்மா. வேற ஆளுங்க பண்றது" என்றார்.

"யாரு பெரியப்பா அந்த வேற ஆளுங்க?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஃபேனைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஜாதி பேச மாட்டோம். அதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. வாடகைக்கு ஆள் வைக்கும்போது 'நல்ல ஃபேமிலியா பாத்து' என்போம், கல்யாணத்துக்கு 'நம்ம பக்கமா இருந்தா சௌகரியம்' என்போம், இதற்கு 'வேற ஆளுங்க' என்போம். அந்த வார்த்தையை மட்டும் வாயில் எடுக்க மாட்டோம். வாய் சுத்தமாக இருந்தால் போதும், மனசை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்.

"நாத்தம் தாங்காதும்மா" என்று பெரியப்பா ரூட்டை மாற்றினார். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல வந்து கேட்டா என்னன்னு சொல்றது?"

"நீங்க இருக்கிற ஊருக்கே குரோம்பேட்டைன்னு பேரு வந்தது எதனாலன்னு தெரியுமா பெரியப்பா? குரோம் போட்டுத் தோல் பதம் பண்ணின ஃபாக்டரியால. முப்பது வருஷமா வீட்டு அட்ரஸா எழுதறீங்களே, அப்ப நாறலையா?"

அவருக்கு அது தெரியாது. சொந்தமாக வீடு கட்டி, கிருகப்பிரவேசம் செய்து, பத்திரிகையிலெல்லாம் அச்சடித்த பெயர். ஒருநாளும் இது என்ன குரோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. முகம் சிவந்துவிட்டது. "சிவபூஜை பண்ற குடும்பம்மா நாம" என்றார்.

"சிவன் இடுப்புல கட்டியிருக்கிறது என்ன, காட்டனா?"

அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் என்னை அடித்தது அன்றைக்குத்தான். அடித்துவிட்டு பூஜை அறைக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் அப்பாவும் பெரியப்பாவும் என்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஏ.சி. ஹாலில் பெற்றோர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்து நாற்காலியில் மொபைலைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்டதெல்லாம் அப்பாக்கள்தான். லேப்டாப் கொடுப்பீங்களா, பஸ் எங்க சேலையூர் வழியா வருமா, ஹாஸ்டல்ல ஜெயின் ஃபுட் உண்டா. ஒரு அப்பாவாவது அங்கே என்ன சொல்லித்தருவார்கள் என்று கேட்கவில்லை. ஆடி மாதம் தி.நகர் ஜவுளிக்கடையில் அம்மாக்கள் புடவையைப் பிரித்துப் பார்க்கும் கவனத்தில் கால்வாசி இங்கே அப்பாக்களிடம் இல்லை. பெரியப்பா மட்டும் பத்து தடவை, "நல்லா மெயின்டெயின் பண்றாங்க" என்று தரையைப் பாராட்டினார்.

"இங்க சேந்துடும்மா" என்றார் அப்பா. "எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

"எனக்கு இங்க வேண்டாம்பா. அங்க ஃபீஸும் கொஞ்சம்தான்."

"கொஞ்சம்தான்னுதானே எனக்கு சந்தேகமா இருக்கு" என்றார் பெரியப்பா. சத்தியமாக இதைச் சொன்னார். கட்டணம் குறைவாக இருப்பது அவருக்குப் படிப்பின் மேல் ஒரு களங்கமாகத் தெரிந்தது.

கவுன்சலிங் ஆன்லைனில்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அதற்கான ஓ.டி.பி. அப்பாவின் மொபைலுக்கு வரும். எங்கள் காலனியில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாமே அப்பாக்களின் சட்டைப்பையில்தான் இருந்தது. அப்பா எக்செல்லில் பட்டியல் போட்டு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று கலர் கொடுத்து வைத்திருந்தார். லெதருக்குச் சாம்பல் கலர், கடைசி வரி.

நான் அழவில்லை, சாப்பிடாமல் கிடக்கவில்லை. லிஃப்டில் அசோசியேஷன் செக்ரட்டரியைப் பார்த்து, "அங்கிள், நான் ஒரு வித்தியாசமான சப்ஜெக்ட் கேட்டிருக்கேன். அப்பா யோசிக்கிறாரு" என்று மட்டும் சொன்னேன். என்ன சப்ஜெக்ட் என்று சொல்லவில்லை. செக்ரட்டரிக்கு அதுவே தாராளம். அன்று சாயங்காலம் கோவில் வாசலில் பத்து பேருக்கு நடுவே அப்பாவின் தோளில் கைபோட்டு, "சார், மேடையில சொன்னதை மறந்துடாதீங்க. நீங்க எங்க எல்லாருக்கும் ஒரு எக்ஸாம்பிள்" என்றார். அப்பா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் எப்படிச் சிரிப்பாரோ அப்படிச் சிரித்தார்.

அன்றைக்கே சாம்பல் கலர் வரி மேலே ஏறியது. ஓ.டி.பி.யை அவரே படித்துச் சொன்னார். செக்ரட்டரி ஒரு சாக்குதான், என் ஆசைக்காகத்தான் அவர் இறங்கி வந்தார் என்று அப்போது நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கி வந்தது ஒரு வீடியோவுக்காக.

முதல் ஃபீஸை அவர் கட்டிய விதம் ஒரு விசேஷம் மாதிரி இருந்தது. குளித்து, விபூதி இட்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கட்டினார். ரசீதைப் பிரின்ட் எடுத்தார். காலனி குரூப்பில், 'மகள் பொறியியல் சேர்ந்துவிட்டாள். அவள் விருப்பமே என் விருப்பம்' என்று போட்டார். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. என்ன பொறியியல் என்று கேட்டவர்களுக்கு, "கெமிக்கல் பக்கம்" என்றார். கெமிக்கலுக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

பெற்றவர்கள் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டுமா, கூடாதா என்று எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு பட்டிமன்றம் நடக்கும். கட்டக் கூடாது, பிள்ளைகளுக்குப் பொறுப்பு வராது என்று ஒரு கோஷ்டி. கட்ட வேண்டும், அது கடமை என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு கோஷ்டிக்கும் ஒரு சந்தேகம்கூட வந்ததில்லை: கட்டுகிறவர் எதை வாங்குகிறார்? என் அப்பா என் படிப்பை வாங்கவில்லை. நல்ல அப்பா என்ற பெயரை வாங்கினார். என் படிப்பு அதோடு ஓசியில் வந்தது.

கல்லூரியின் முதல் நாள் வீட்டுக்கு வந்தேன். ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பு. அம்மா வாசலிலேயே நின்றாள்.

"செருப்பை அங்கயே விடு. எதையும் தொடாத. நேரா போய் குளி."

"அம்மா, இன்னிக்கு மேத்ஸ் க்ளாஸ்மா. மேட்ரிக்ஸ் நடத்தினாங்க."

"இருக்கட்டும். குளிச்சிட்டு வா."

முதல் வருடம் முழுவதும் பொறியியல் படிக்கும் எல்லாரும் படிப்பதைத்தான் நானும் படித்தேன். கணக்கு, இயற்பியல், இங்கிலீஷ், வரைபடம். ஒரு துண்டுத் தோலைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. மூன்றாவது மாடி ஆன்ட்டியின் பையன் வேறு கல்லூரியில் அதே மேட்ரிக்ஸைப் படித்துவிட்டு வந்து, செருப்புக் காலோடு சமையலறைக்குப் போய்த் தோசை சாப்பிட்டான். நான் தினமும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அதுவும் எங்கள் பாத்ரூமில் இல்லை. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தை ஒட்டி, வேலைக்கு வரும் அக்காவுக்கென்று ஒரு சின்ன பாத்ரூம் உண்டு. அங்கே எனக்கு ஒரு சோப்பு டப்பா, ஒரு துண்டு, பையை மாட்ட ஓர் ஆணி.

அப்பாவுக்கு இது எல்லாம் தெரியும். மழைக்காலம் வந்ததும் நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்தார். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு அந்தப் பாத்ரூமில் ஒரு கீசர் மாட்டினார். நல்ல கம்பெனி கீசர். சுவிட்சைப் போட்டுக் காட்டி, "சூடா வரும்மா" என்று சந்தோஷமாகச் சொன்னார். அங்கே குளிக்க வேண்டாம் என்று சொல்ல அவருக்குச் செலவே ஆகியிருக்காது. அதைச் சொல்ல வரவில்லை. கீசர் வாங்கத்தான் வந்தது.

என் வகுப்பில் அனகாபுத்தூரிலிருந்து ஒருத்தி வந்தாள். பல்லாவரத்தில் ஏறி என்னோடு ஒரே பெட்டியில் வருவாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி என்று அரசுச் சலுகை. அவளுடைய அப்பா ஷூ யூனிட்டில் தோல் வெட்டும் கட்டிங் மாஸ்டர். அவளிடம் இந்தக் குளியல் கதையைச் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மச்சான், மேத்ஸ் படிச்சதுக்காடீ குளிக்கிற? ஃபர்ஸ்ட் இயர்ல இன்னா தோலு கீது?"

"எங்கம்மாகிட்ட வந்து சொல்லு."

"நான் வரமாட்டேம்ப்பா. பெத்த பொண்ணையே பின்னால நிக்க வச்சிக்கினு கீறாங்க, என்னைக் கண்டா இன்னா பண்ணுவாங்க?"

அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. எனக்குத்தான் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு இது கல்லூரி போனதிலிருந்து. வேண்டாம் என்றால் படிப்பை விட்டுவிட்டு மறுநாளே முன்பக்கப் பாத்ரூமுக்குத் திரும்பிவிடலாம். அவளுக்கு அப்படித் திரும்ப ஓர் இடம் எங்கள் காலனியில் கிடையாது. அவளை நான் கடைசிவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டு மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இரண்டாம் வருடம் நிஜமான தோலைத் தொட்டோம். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, சதை சுரண்டுவது. பெரியப்பா சொன்னது சரிதான், அந்த இடம் நாறும். முதல் நாள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுக்கும் அறையும்தான் நாறும். அங்கே படிக்கும் பெண்ணை வாசலில் நிற்க வைக்கிற வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குரோம் ஏறிய தோல் நீல நிறத்தில் ஈரமாக வெளியே வரும். சந்தையில் வெண்ணெயும் பலகையுமாக இருந்த அந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்த நாளில், ஆய்வகத்தில் நின்றுகொண்டு நான் அழுதேன். அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீட்டில் தோல் என்ற வார்த்தையே கிடையாதே. 'காலேஜ்', 'லேப்', 'உன்னோட அது'. இவ்வளவுதான்.

லேப் ஆரம்பித்த பிறகு சாயங்காலக் குளியலை நானே விரும்பித்தான் குளித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை? ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, துவைத்த உடை உடுத்தி, சமையலறைப் பக்கம் போனால் அம்மா பதறி வந்து வழியை மறிப்பாள். "நீ போய் படிம்மா. உனக்கு எதுக்கு கிச்சன் வேலை? நான் பாத்துக்கறேன்." சாமி விளக்கை ஏற்றப் போனால், "நான் ஏத்திட்டேன்." கேட்கிறவர்களுக்கு என்ன அருமையான அம்மா என்று தோன்றும். மூன்றாவது மாடி ஆன்ட்டிக்குத் தோன்றியது. "உங்க பொண்ணு கொடுத்து வச்சவ, ஒரு டம்ளரைக் கூட கழுவ விடறதில்ல நீங்க" என்றார். அம்மா அடக்கமாகச் சிரித்தாள்.

மூன்றாம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காஞ்சிபுரத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா குளித்துவிட்டு ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்தார்.

"ஃபீஸ் கட்ட லிங்க் வந்துடுச்சாம்மா? அனுப்பு, கட்டிடலாம்."

அனுப்பினேன். அவருக்கு அந்தச் சடங்கு பிடிக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார், ஒவ்வொரு எண்ணாக வாய்க்குள் சொல்லிச் சரிபார்ப்பார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, பிரியமாகவும் இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் வழியை மறிக்க ஆள் இல்லை. போய் டிகாக்ஷன் இறக்கி, பால் காய்ச்சி, சர்க்கரை குறைவாக அவருக்குப் பிடித்த மாதிரி காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

"வை" என்றார், திரையைப் பார்த்தபடி.

ஃபீஸ் கட்டி முடித்தார். ரசீதைச் சேமித்தார். பேப்பரை எடுத்தார். காபியில் ஆடை கட்டியது. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். அவர் வாழ்நாளில் காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. நான் என் அறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

போய் வாசற்படியில் நின்றேன். டம்ளரில் நான் போட்ட காபி அப்படியே மேடைமேல் இருந்தது. அதன் பக்கத்தில் அப்பா வேறொரு பாத்திரத்தில் தனக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் இறக்கிய டிகாக்ஷனையும் தொடவில்லை. பாட்டிலிலிருந்து இன்ஸ்டன்ட் பொடியை எடுத்துவைத்திருந்தார். இன்ஸ்டன்ட் காபியைக் கழுநீர் என்று திட்டுகிற மனிதர்.

என்னைப் பார்த்ததும், "ஆறிடுச்சும்மா, அதான்" என்றார்.

"சூடு பண்ணியிருக்கலாமேப்பா."

"இல்ல, எனக்கு இன்னிக்கு இது குடிக்கணும் போல இருந்தது."

"அப்பா."

பால் பொங்க வந்தது. அடுப்பை அணைத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டே நின்றார். இத்தனை வருடமாக அம்மாதான் இப்படி, அப்பா பாவம், அவள் வாய்க்குப் பயந்து சும்மா இருக்கிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். அம்மாவாவது வாசலில் நின்று முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"குளிச்சிட்டுத்தான்பா போட்டேன்" என்று என் வாய் சொன்னது. சொன்ன மறுநொடி எனக்கே அவமானமாக இருந்தது. கையை ஏன் ஒளித்துக்கொண்டேன் என்றும் தெரியவில்லை. நகக்கணுவில் சாயத்தின் நீலம் போகாமல் இருந்தது. அவர் பார்வை அங்கேதான் போயிற்று.

"ஃபீஸ் எல்லாம் கரெக்டா கட்டறேன்ல? ஒருநாள் லேட் பண்ணதில்ல. உங்க பெரியப்பா என்னோட பேச்சையே குறைச்சுட்டாரு, அதையும் பொறுத்துக்கிட்டேன். இன்னும் நான் என்னம்மா பண்ணணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் போட்ட காபியைச் சூடு பண்ணினேன். அதே டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் நீட்டினேன்.

"இதைக் குடிங்கப்பா. போதும்."

அப்பா டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை கொஞ்சம் மேலே வந்தது, வந்து வேட்டியில் துடைத்துக்கொண்டு கீழே போயிற்று.

"அடுத்த செமஸ்டர் ஃபீஸையும் இப்பவே கட்டிடட்டுமாம்மா?" என்றார்.

வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு என் படிப்புக்கு அவரை ஒரு பைசா கட்டவிடவில்லை.